பதினாறாம் டோக்கன்

"கையை நீட்டுங்க. விரலை மடக்குங்க. வீட்ல பொம்பளைப் பிள்ளை இருக்கா?"

ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேலே இழுத்துக் கட்டியபடியே ஊசி அக்கா இதைக் கேட்பார். சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்குமோ என்ற கவலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு, இந்தக் கேள்வி எதற்கென்று விளங்காது. "இருக்கு, பத்து வயசு..." என்று இழுப்பார். "ஓடுமா?" என்பது அடுத்த கேள்வி. ஓடுமா ஓடாதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய், ரத்தம் குழாயில் ஏறி, பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லியாகிவிடும். "செவ்வாயும் வியாழனும் நாலரைக்கு மைதானத்துக்கு அனுப்பி வைங்க. ஷூ இல்லாட்டியும் பரவாயில்ல." இப்படி ஆள்பிடித்துச் சேர்த்ததுதான் அவருடைய கால்பந்து அணி. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகள் பதினாறு பேர். அதில் பாதிப் பேருடைய அப்பா அம்மாவின் ரத்த வகை அக்காவுக்கு மனப்பாடம்.

பத்தொன்பது வருடமாக ஒரே பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை. குள்ளமான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, வெள்ளைக் கோட்டுக்குக் கீழே எப்போதும் விளையாட்டு ஷூ. கல்யாண வீட்டில் யாராவது கை குலுக்கினால்கூட முகத்தைப் பார்க்கமாட்டார், நரம்பைத்தான் பார்ப்பார். "நல்ல நரம்புங்க அவருக்கு" என்று சொன்னால் அந்த மனிதர் அக்காவின் மனதில் இடம்பிடித்துவிட்டார் என்று பொருள். கட்டிக்கொண்டவரையும் நரம்பைப் பார்த்துத்தான் சம்மதித்தாராம். புத்தகம் பைண்டிங் செய்யும் அந்த நல்ல மனிதர், யாராவது கேட்டால் சட்டைக் கையை மடித்துக் காட்டி, "இதை வச்சுத்தான் பிழைச்சேன்" என்பார்.

அக்கா கறார் என்று பெயர் வாங்கியது டோக்கன் விஷயத்தில்தான். எட்டாம் நம்பருக்கு அப்புறம் ஒன்பதாம் நம்பர். நடுவில் கடவுளே வந்தாலும் பெஞ்சில் உட்காரவேண்டியதுதான். ஒருமுறை முதலாளியின் மாமனார் டோக்கன் வாங்காமல் நேராக உள்ளே வந்துவிட்டார். "நான் யார் தெரியுமா?" என்றார். "தெரியுங்க. இருபத்தி ரெண்டு" என்று சொல்லி அக்கா டோக்கனை நீட்டினார். மனிதர் ஒன்றரை மணி நேரம் பசியோடு உட்கார்ந்திருந்தார். அன்று வேலை போயிருக்கவேண்டியது. மாமனாரோடு முதலாளிக்கே ஆகாது என்பதால் அக்கா தப்பித்தார்.

பிறகு எண்களை அச்சடித்துத் தருகிற இயந்திரம் வந்தது. பழைய வட்டப் பிளாஸ்டிக் டோக்கன்களை மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போடப் போனார்கள். அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மைதானத்திலும் அதே சட்டம் வந்தது. வியாழக்கிழமைப் பயிற்சிக்கு யார் முதலில் வருகிறாளோ அவளுக்கு ஒன்று, அடுத்தவளுக்கு இரண்டு. முதல் பதினொரு டோக்கன்காரிகள் சனிக்கிழமை ஆட்டத்தில் முதல் பாதி இறங்குவார்கள். மிச்சம் ஐந்து பேர் இரண்டாம் பாதியில் கட்டாயம் இறங்குவார்கள். பெஞ்சைத் தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை என்று ஒருத்திகூட இருக்கக் கூடாது. "திறமை வீட்டுக்கு வீடு வேற. நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான். சீக்கிரம் வா, ஆடு" என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்து வருடமாக ஒரு கோப்பை கூட வரவில்லை. அக்கா அதைப் பற்றிக் கவலைப்படாதவர்போலக் காட்டிக்கொண்டார். ஆனால் விளையாட்டுச் சாமான் கடைக்குப் பந்து வாங்கப் போகும்போதெல்லாம் மேல் தட்டில் வரிசையாக இருக்கும் கோப்பைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். கடைப் பையன் "எடுத்துக் காட்டட்டுமாக்கா?" என்று கேட்டால், "எனக்கெதுக்கு? தூசி தட்டவா?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். ஆசை இருந்தது. வெளியே சொல்லக் கூசியது, அவ்வளவுதான்.

அணியில் ராக்கெட் என்று ஒரு பிள்ளை. டைல்ஸ் கடைக்காரரின் மகள். பந்து காலில் பட்டால் பார்ப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட்டு வகுப்பு முடிந்து வருவதால் எப்போதும் கடைசி, எப்போதும் பதினாறு, எப்போதும் இரண்டாம் பாதி. அவளுடைய அப்பா ஆடுகளக் கோட்டுக்கு வெளியே நின்று தவித்துப் போவார்.

"மேடம், என் பொண்ணுன்னு சொல்லலை. நல்லா ஆடறவளை உக்கார வச்சிட்டு ஆடத் தெரியாததை எல்லாம் இறக்கினா எப்படி ஜெயிக்கிறது?"

"உங்க கடையில முதல்ல வந்தவருக்கு முதல்ல டைல்ஸ் குடுப்பீங்களா மாட்டீங்களா?"

"அது வியாபாரம் மேடம்!"

"இது பிள்ளைங்க. இன்னும் கறாரா இருக்கணும்" என்று அக்கா வாயை அடைத்துவிடுவார்.

டைல்ஸ் கடைக்காரர் சொன்ன "ஆடத் தெரியாதது" யார் என்று எல்லோருக்கும் தெரியும். பொடிசு. பத்து வயது, எலும்பும் தோலுமான உடம்பு. பந்து கிழக்கே போனால் இவள் மேற்கே ஓடுவாள். எதிரணிக்காரி இடித்துவிட்டால் இவள் போய் "சாரி" சொல்வாள். அம்மா ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். வீட்டில் வேறு யாரும் இல்லை. பொடிசுக்கு ஒரே ஒரு திறமைதான் இருந்தது: சீக்கிரம் வருவது. நாலரைப் பயிற்சிக்கு நாலு பத்துக்கு ஆஜர். அக்கா பையைத் திறப்பதற்குள் கை நீட்டி நிற்பாள். ஒன்றாம் டோக்கனை வாங்கிக் கால்சட்டைப் பைக்குள் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொள்வாள். ஓடும்போதும் நடுநடுவே பையைத் தொட்டுப் பார்ப்பாள்.

அவளுடைய அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். மற்ற பெற்றோர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. மழை, விடுமுறை, நேர மாற்றம் எல்லாம் அதில் வரும். பொடிசின் அம்மாவுக்கு மட்டும் அக்காவே தனியாகப் போன் செய்து சொல்லிவிடுவார். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்த வருடம் பெரிய போட்டி ஒன்று வந்தது. அழைப்பிதழைப் பார்த்ததும் அக்காவின் முகம் சுருங்கியது. பதினைந்து பெயர்கள் மட்டுமே எழுதலாம். பட்டியலில் இல்லாதவர் ஆடுகளத்துக்குள் கால் வைக்கக் கூடாது. பதினாறு பேரில் ஒருத்தி வெளியே நிற்கவேண்டும். "எதுக்குக் குழப்பம்? வியாழக்கிழமை டோக்கன். கடைசி டோக்கன் வெளியே" என்று அக்கா வழக்கம்போல அறிவித்துவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. கடைசி டோக்கன் ராக்கெட்.

புதன்கிழமை சாயங்காலம் முழுக்க அவர் தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தார். சட்டத்தை மாற்ற மனம் வரவில்லை. இருபத்தி இரண்டாம் டோக்கனைக் கொடுத்த கையல்லவா. ராக்கெட்டை விடவும் மனம் வரவில்லை. கடைசியில் குழுவில் ஒரு செய்தி போட்டார்: "நாளை பயிற்சி நாலு மணிக்கு. தாமதம் வேண்டாம்." அதோடு நிற்கவில்லை. டைல்ஸ் கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒருநாள் பாட்டு வகுப்பு வேண்டாம் சார். நாலு மணிக்கு அவ அங்க இருக்கணும்."

"இருப்பா மேடம். நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார் அவர். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

அடுத்து பொடிசின் அம்மாவின் எண்ணை எடுத்தார். எடுத்தபடியே உட்கார்ந்திருந்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அந்தச் சலவைக்காரம்மாவுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்றேங்க" என்றார் அக்கா. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். மறந்து போனேன் என்று பின்னால் தனக்கே சொல்லிப் பார்த்ததுண்டு. மறக்கவில்லை. அது அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பதினைந்து பேரும் வந்துவிட்டார்கள். பதினைந்தாம் டோக்கன் ராக்கெட்டுக்கு. நாலே காலுக்குப் பொடிசு வந்தாள். வாசலில் சிரித்தபடி நுழைந்தவள், எல்லோரும் பந்தோடு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு ஓடி வந்து கையை நீட்டினாள். அக்கா பதினாறைக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் பதினாறுதான்.

"சாரிக்கா. நான் லேட்டாயிட்டேன்" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். "பரவாயில்ல. போய் ரெண்டு சுத்து ஓடு" என்றுதான் அக்காவின் வாயில் வந்தது. மற்ற பிள்ளைகள் உச்சுக்கொட்டினார்கள். "இன்னைக்குன்னு பார்த்தா லேட்டா வரணும்?" என்றாள் ஒருத்தி. பொடிசுக்கு நேரம் மாறியது தெரியாது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊசி அக்கா சொல்லாமல் இருப்பாரா என்ன?

அணி ஜெயித்தது. இரண்டுக்கு ஒன்று, இரண்டும் ராக்கெட் அடித்த கோல். டைல்ஸ் கடைக்காரர் ஓடிவந்து, "பார்த்தீங்களா மேடம்! நீங்க டோக்கன்படிதான் போனீங்க. அந்த டோக்கனே நமக்கு நல்லது பண்ணிடுச்சு!" என்றார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பொடிசும் வந்திருந்தாள், முழு உடுப்போடு, காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு. தொண்டை கட்டும்வரை கத்தியிருந்தாள். கோப்பை கைமாறி அவள் பக்கம் வந்தபோது விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்து, "கனமா இருக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"நீயே தூக்கிப் பாரு."

"வேண்டாங்க்கா. நான் ஆடலையே" என்று தள்ளி நின்றுகொண்டாள்.

ஐந்து வருட ஆசை வீட்டு அலமாரியில் வந்து உட்கார்ந்தது. கணவர் அதைப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நேரடியாகவே, "நீ இந்தத் தடவை வேண்டாம்மா, ஆட்டம் பத்தாது" என்று சொல்லியிருந்தால் பிள்ளை ஒருநாள் அழுதிருப்பாள், அம்மாக்காரி நாலு வார்த்தை பேசியிருப்பாள், அதோடு போயிருக்கும். இப்போது செய்தது தன் பெயரும் கெடாமல், கோப்பையும் போகாமல், பழியைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிய வேலை. அக்காவுக்கு அது நன்றாகவே விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

அடுத்த வாரம் மைதானத்துக் காவலாளி ஒரு சேதி சொன்னார். "அந்தப் பொடிப்பிள்ளை மூணரைக்கே வந்துடுதும்மா. பள்ளிக்கூடப் பையோட கேட்டைப் பிடிச்சிட்டு நிக்குது. உள்ள வந்து நிழல்ல உக்காருன்னாலும் கேக்கலை, நம்பர் போயிடுமாம்."

அக்கா பொடிசைக் கூப்பிட்டார். "இவ்வளவு சீக்கிரம் எதுக்குடா வர்றே? நாலரைக்கு வந்தாப் போதும்."

"இல்லக்கா. இனிமே லேட்டாகவே மாட்டேன்" என்றாள் அவள், சத்தியம் செய்கிறவள்போல.

சொல்லிவிடவேண்டும் என்று அக்கா ஒவ்வொரு பயிற்சிக்கும் போனார். சொல்லாமல், வேறு வழியில் ஈடுகட்டப் பார்த்தார். ஒரு சாதாரண ஆட்டத்தில் பொடிசின் கையில் கேப்டன் பட்டையைக் கட்டிவிட்டார். அது முழங்கைவரை வழிந்தது. "ஆட்டம் நல்லா வருது உனக்கு" என்று ஒரு பொய்யும் சொன்னார். பொடிசு சிரித்துக்கொண்டே, "நான் சீக்கிரம் வந்ததாலதானேக்கா?" என்று கேட்டாள். அக்கா விசிலை வாயில் வைத்து ஊதினார். ஆட்டம் தொடங்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

மூன்று வாரம் இப்படியே பூசி மெழுகிக்கொண்டு போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, பதினோராம் டோக்கனைக் கூப்பிட்டபோது பொடிசின் அம்மா உள்ளே வந்தாள். வேலை செய்யும் இடத்தில் வருடாந்தர உடல் பரிசோதனையாம். ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருக்கிறாள். சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள், கையில் இஸ்திரி சுட்ட தழும்பு. அக்கா பட்டையைக் கட்டினார். வழக்கமான கேள்விகள் எதுவும் வாயில் வரவில்லை. நாற்காலியில் இருந்தவள்தான் பேசினாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன். அன்னைக்கு அவ லேட்டானாளே, அது என் தப்புக்கா. பிள்ளைமேல கோவிச்சுக்காதீங்க."

அக்கா நரம்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"எப்பவும் வந்த உடனே பையைப் போட்டுட்டு ஓடிடுவா. அன்னைக்கு எனக்குச் சீக்கிரம் வேலை விட்டுட்டாங்க. என்னைக்கோ ஒருநாள் வீட்ல இருக்கோமேன்னு, ஒரு முட்டையைப் பொரிச்சு, சாப்பிட்டுட்டுப் போடின்னு உக்கார வச்சேன். பத்து நிமிஷம்கூட இல்லக்கா. அதுலதான் பேரு போச்சுன்னு அழுதா பாருங்க, ராத்திரி பூரா. இப்பல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கே வர்றதில்ல, நேரா மைதானந்தான். மத்தியானம் சாப்பிட்டதோட சரி. கேட்டா, சாப்பிட உக்காந்தா லேட்டாயிடும்கறா. பெத்தவ கையால ஒரு வாய் குடுத்தது தப்பாப் போச்சேன்னு எனக்கு..." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரத்தம் குழாயில் நிறைந்துவிட்டிருந்தது. அக்கா ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவில்லை.

"உன் தப்பு இல்லம்மா. அவ லேட்டாவும் வரலை. அன்னைக்கு நான் நேரத்தை மாத்திட்டேன். நாலு மணிக்கே வரச் சொல்லி எல்லாருக்கும் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்லலை."

"மறந்துட்டீங்களாக்கா?"

இதைவிட வசதியான கதவு கிடைக்காது. அக்கா அதில் நுழையவில்லை. "இல்ல. மறக்கலை. நல்லா ஆடறவ ஒருத்தியை விட மனசில்லாம வேணும்னுதான் செஞ்சேன். கப்பு வேணும்னு ஆசைப்பட்டுட்டேன்."

அவள் கத்துவாள் என்று அக்கா எதிர்பார்த்தார். கத்தவில்லை. பஞ்சைத் தானே பிடித்துக்கொண்டு கையை மடக்கினாள்.

"மூணு வாரமா அது பட்டினியா நிக்குதுக்கா" என்றாள். எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? வெளியிலதான் உக்காந்திருக்கா. பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போகணும்னு கூட்டிட்டு வந்தேன்."

அக்கா பன்னிரண்டாம் நம்பரைக் கூப்பிடாமல் வெளியே வந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். "அடுத்து நான்தாங்க" என்று ஒரு பெரியவர் சீட்டைத் தூக்கிக் காட்டினார். "கொஞ்சம் பொறுங்கய்யா" என்றார் அக்கா. அந்தக் கூடத்தில் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத வார்த்தை அது.

பொடிசு சுவரோரம் மடியில் பையை வைத்துக்கொண்டு கணக்குப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டுத் துள்ளி எழுந்து நேராக நின்றாள்.

"நீ உக்காரு" என்றார் அக்கா.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்ததும் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து அக்காவுக்கும் இடம் விட்டார்கள். அக்கா உட்காரவில்லை. கையுறைகளைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டார். அத்தனை பேர் பார்க்க, அந்தப் பிள்ளைக்கு முன்னால் கைகட்டி நின்றார்.